கேட்காரர் ஓடிய ஓட்டம்

தெருவில் எல்லோருக்கும் அவர் ‘இடைவேளை’தான். மதியம் சாப்பிடப் போகும்போது தையல்கடைக் கதவைப் பாதி இழுத்துவிட்டு, "இடைவேளை விட்டாச்சு, அப்புறம் வாங்க" என்று சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சினிமாப் பைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு ஒரே ஒரு படம்தான். மற்றதெல்லாம் அவர் கணக்கில் படமே இல்லை.

அந்தப் படத்தில் ஒரு ரயில்வே கேட்காரர். தாயில்லாத மகளைத் தோளில் போட்டு வளர்த்தவர். கடைசியில் அவள் வேலைக்காக வெளியூர் போகிறாள். அவள் போகிற ரயில் கேட்டைத் தாண்டும்போது அந்த மனுஷன் பச்சைக்கொடியை நீட்டிக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு பேச்சு கிடையாது. படம் முடிந்தது. "அப்பன்னா அவன் அப்பன்" என்பார் தையல்காரர்.

சொன்னதோடு விட்டாரா? அவருடைய ஒரே மகளுக்கு எங்கோ தூரத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. லீவு முடிந்து அவள் கிளம்பும்போதெல்லாம் இவர் மிஷினை விட்டு எழுந்திருக்கமாட்டார். "போயிட்டு வரேன்பா" என்றால் தலை நிமிராமல் ஒரு "ம்". சக்கரம் மட்டும் வேகமாகச் சுற்றும்.

"பெத்த பொண்ணு கிளம்புது, இந்த மனுஷனுக்கு ஊசியில நூல் கோக்குறதுதான் பெருசு" என்று மனைவி கொட்டித் தீர்ப்பாள். மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்குத்தான் போன் செய்வாள். வரவர ‘அப்பா எப்படி இருக்காரு’ என்று கேட்பதும் நின்றுபோனது. அது இவருக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் கேட்காரர் கலங்கினாரா? இல்லையே!

இந்த முறை லீவில் வந்தவள், கிளம்புவதற்கு முந்தின நாள் போனை நீட்டினாள். "அப்பா, உங்க படத்துல வெட்டிப் போட்ட சீனெல்லாம் இப்ப வெளியில விட்டிருக்காங்க. பாருங்க."

பார்த்தார். கடைசிப் பெட்டியும் போய்விட்டது. அதோடு முடிய வேண்டிய படம் முடியவில்லை. கேட்காரர் திரும்புகிறார். கொடியைக்கூடச் சுருட்டாமல் தண்டவாளத்தோரம் ஓடுகிறார். செருப்பு கழன்று போகிறது. "ஒரு தடவ முகத்தக் காட்டாம அனுப்பிட்டேனே" என்று ஜல்லியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுகிறார்.

"இது என் படம் இல்ல. எவனோ ஒட்ட வச்சிருக்கான்."

"அதே ஆளுதானேப்பா? அதே சட்டைதானே? நீளமாகுதுன்னு வெட்டிட்டாங்களாம்."

சட்டை விஷயத்தில் அவரை ஏமாற்ற முடியுமா? காலரிலிருந்து பொத்தான் வரை அதேதான். அதைப் பார்த்துத்தான் தன் கல்யாணச் சட்டையையே தைத்துக்கொண்டவர் அவர்.

வீம்பாக எழுந்து போய் மிஷினில் உட்கார்ந்தார். அன்றைக்குத் தைத்த சட்டையில் இரண்டு பக்கமும் இடது கையாகவே வைத்துத் தைத்துவிட்டார். மனைவி தூக்கிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தாள். "யாருக்குங்க இது? ரெண்டு கையும் இடது கையா இருக்கிறவனுக்கா?"

அவர் சிரிக்கவில்லை. தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தார். கேட்காரர் ஓடியிருக்கிறார். ஓடினதை வெட்டிவிட்டார்கள். மிச்சத்தைப் பார்த்துக்கொண்டு இவர் இத்தனை வருஷம் அப்பனாக இருந்திருக்கிறார்.

"இந்தா, பாப்பா கிளம்புறப்ப அழுவாளா?"

"ஒவ்வொரு தடவையும்தான். நீங்க எங்க பாத்தீங்க? நீங்கதான் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டவராச்சே!"

மறுநாள் "போயிட்டு வரேன்பா" என்ற குரல் கேட்டதும் சக்கரம் நின்றது. இஞ்ச் டேப் கழுத்தில் தொங்க, மகளின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

"ஏங்க, கடை?"

"கிடக்கட்டும்."

பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டார். பஸ்ஸில் ஏறி சீட்டைத் தட்டிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தார். இறங்கி ஜன்னலுக்கு நேரே நின்றார். முகத்தைத் திருப்பவில்லை. மூக்கு மட்டும் சிவந்துவிட்டது.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"சரிப்பா, அம்மாகிட்ட சொல்றேன்."

"அவகிட்ட எதுக்கு? எனக்குப் பண்ணு."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "பஸ் எடுக்கப்போறாங்க, தள்ளி நில்லுங்கப்பா."

கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தார்.

இப்போதெல்லாம் போன் அவருக்குத்தான் முதலில் வருகிறது. மனைவி பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. அப்படியானால் படம் கெட்டுப்போச்சா என்று கேட்டுப் பாருங்கள், சண்டைக்கு வருவார். "படத்துக்கு அந்த வெட்டு சரிதான், ஒரு குறையும் இல்ல. ஆனா வெட்டுனதத் தூக்கிப் போடாம எவனோ ஒருத்தன் பத்திரமா வச்சிருந்தான் பாருங்க, அவன் கையும் காலும் நல்லா இருக்கணும்."