தொட்டித் தண்ணீரும் பேட்டன்ட் ஆபீசும்

போன சனிக்கிழமை தென்காசியில் தங்கை கோமதி வீட்டுக்குப் போனேன். சாரல் ஆரம்பித்துவிட்டது, குற்றாலத்தில் ஒரு குளியல் போடலாமே என்று ஆசை. போனால், அவள் கணவர் செல்லப்பா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறார். கோமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கன மாப்பிள்ளை கிளம்பிட்டீங்க?"

"பம்பாய்க்கு மச்சான். அந்தக் கம்பெனிக்காரங்க கூப்பிடுதாங்க."

எந்தக் கம்பெனி? இவருடைய பேட்டன்டைக் கெடுத்த அதே கம்பெனி! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

விஷயம் இதுதான். செல்லப்பா குத்துக்கல்வலசையில் சின்னதாக, உலோகம் உருக்கி வார்க்கிற ஒரு ஃபவுண்டரி வைத்திருக்கிறார். சாதாரண உலோகத்துக்குள் எண்ணற்ற படிகங்கள் தாறுமாறாக நெருக்கியடித்துக்கொண்டு கிடக்குமாம் — சீசன் ஞாயிற்றுக்கிழமை மெயின் அருவிக் கூட்டம் மாதிரி. அப்படியில்லாமல், ஒரு கம்பி முழுக்க ஒரே படிகமாக வார்க்க வேண்டும். அதற்கு, உருகிய உலோகம் உள்ள அச்சை உலையிலிருந்து மெல்ல மெல்ல, அதிராமல் கீழே இறக்க வேண்டும். மோட்டார் வைத்தால் அதிர்கிறது. உடனே இன்னொரு படிகம் முளைத்துவிடுகிறது.

ஏழு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்ட மனுஷன், மோட்டாரையே தூக்கிப் போட்டார். அச்சை ஒரு மிதவைமேல் நிறுத்தி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வெளியே விட்டார். தண்ணீர் இறங்க இறங்க அச்சும் இறங்கியது. அதிர்வே இல்லை!

பேட்டன்டுக்கு மனுப் போட்டார். அந்தப் பம்பாய்க் கம்பெனி எதிர்த்தது. 'தொழில் தெரிந்த எவனுக்கும் இது தானாகத் தோன்றும், இதில் கண்டுபிடிப்பு எங்கே?' என்று வாதம். தானாகத் தோன்றுமென்றால் நீங்கள் ஏனய்யா இத்தனை நாள் மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள்? நம் வக்கீலும் இதையேதான் கேட்டார். கடைசியில் பேட்டன்ட் ஆபீஸ் அதிகாரியே, "அழகான யோசனை" என்று செல்லப்பாவைப் பாராட்டினார்.

அங்கேதான் வினை. நம்மூர்க்காரர்களைப் பாராட்டினால் என்ன செய்வார்கள்? நெளிவார்கள். சொதிக் குழம்பு நன்றாயிருக்கிறது என்றால்கூட, "என்னத்த, சும்மா வச்சது" என்பார்கள். இவரும் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, "என்னத்தங்கய்யா பெரிசா... யாருக்கும் தோணக்கூடியதுதான்" என்றார்.

எதிர்வக்கீல் துள்ளி எழுந்தார். "இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்!"

பதிவு செய்தார்கள். மனு தள்ளுபடி.

இப்போது அதே கம்பெனியிலிருந்து லெட்டர். அவர்களும் தொட்டி கட்டினார்களாம். தண்ணீர் குறையக் குறைய வேகமும் குறைந்து, வார்ப்பு கெட்டுப்போகிறதாம். இரண்டு நாள் வந்து காட்டிக்கொடுக்க முடியுமா? கெஸ்ட் ஹவுஸ் உண்டு!

"மதிச்சுக் கூப்பிடுதாங்க, போவாண்டாமா மச்சான்? சின்ன விஷயந்தானே..."

தலையில் அடித்துக்கொண்டேன். பேட்டன்ட் போயாச்சு. மிச்சம் இருப்பது வேகம் குறையாமல் தண்ணீரை இறக்குகிற அந்த ஒரு சூட்சுமம். அதையும் டிக்கெட் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வருவாராம்!

கோமதி மேசைமுன் போய் உட்கார்ந்தாள். அவள் இங்கிலீஷ் டீச்சர். ஒரு தபால் கார்டை எடுத்து, கம்பெனிக்கு இரண்டே வரி எழுதினாள். 'இது எவருக்கும் தானாகத் தோன்றும் என்று வாதாடி ஜெயித்தவர்கள் தாங்கள். தோன்றும்வரை காத்திருக்கவும்.'

செல்லப்பா வாயைத் திறப்பதற்குள் நானே ஓடிப்போய்த் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

"பிரமாதமா எழுதிட்டே கோமதி!"

புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "ஆமாண்ணே. வேற ஒருத்தருக்கும் இது தோணியிருக்காது."