பின்னால் வரும் வண்டி

ரூலன் பேக்லியைப் பற்றி எழுதச் சொன்னால் எங்கள் ஹார்க்னஸ் ஊரில் எல்லோரும் அந்தப் பச்சை பிக்கப் வண்டியில்தான் ஆரம்பிப்பார்கள். நானும் அதைத்தான் எழுதப்போகிறேன். அவனோடு நாற்பத்தேழு வருடம் குடித்தனம் நடத்தியவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான். கட்டின புருஷனை அவன் இவன் என்கிறாளே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பள்ளியில் எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து என் பென்சிலைத் திருடியவன் அவன். அன்றைக்கு ஆரம்பித்த அவன் இவன் கடைசிவரை மாறவில்லை.

நிலக்கரிச் சுரங்கத்தில் அவனுக்கு மெக்கானிக் வேலை. நகக் கண்ணில் ஏறிய கருப்பு கல்யாணத்தன்றுகூடப் போகவில்லை. பேச்சும் குறைவு. சர்ச்சில் ஜெபம் சொல்லக் கூப்பிட்டால் நாலே வரியில் ஆமென் போட்டுவிடுவான். வெயில் காலத்தில் ஊரே அதற்காக அவனைக் கொண்டாடும்.

அவனுக்கும் சேர்த்துப் பேச ஒருவன் இருந்தான். பெயர் தெய்ன். சுரங்கத்தில் ஒரே ஷிப்ட், எங்களுக்கு ரெண்டு தெரு தள்ளி வீடு. பச்சை பிக்கப் அவனுடையது. எழுபத்து நாலாம் வருடத்து வண்டி. எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் இந்தக் கோடியில் ஒருவன் சர்ச்சை விட்டுப் போனால்கூட மன்னிப்பார்கள், பிக்கப் கம்பெனியை மாற்றினால் மன்னிக்கமாட்டார்கள். ஒரு தடவை மான் மோதி அதன் இடது முன்விளக்கு உடைந்தபோது, தெய்ன் பழைய சாமான் கடையிலிருந்து மஞ்சள் விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டான்.

"ஒரு கண்ணு மஞ்சக் காமாலை வந்த மாதிரி இருக்கு. கழட்டிப் போடுடா" என்றான் ரூலன்.

"கூட்டத்துல என்னைக் கண்டுபிடிக்க உனக்கு வசதியா இருக்கட்டும்னுதான் மாட்டினேன். உன் கண்ணு லட்சணம் எனக்குத் தெரியாதா?" என்றான் தெய்ன்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை சுரங்கத்துக்கு விடுமுறை. அதற்கு முந்தின சனிக்கிழமையே சுரங்கத்துக் குடும்பங்கள் பிக்கப்புகளைக் கட்டிக்கொண்டு செம்மண் பள்ளத்தாக்குகளுக்குள் போய்விடும். வார்ப்பிரும்புச் சட்டியில் பன்றிக்கொழுப்பும் உருளைக்கிழங்கும், பீச் பழப் பணியாரம், பிள்ளைகள் தலை முழுக்க மணல். இந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு விதி உண்டு. எங்கள் பெரியவர்கள் மாட்டு வண்டியில் இங்கே குடியேற வந்த காலத்து விதி என்பார்கள். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற வண்டிக்குப் பொறுப்பு. பாதை பிரியும் இடத்தில் நின்றுவிட வேண்டும். பின் வண்டியின் விளக்கு கண்ணாடியில் தெரிந்து, நாம் எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று அவன் பார்த்த பிறகுதான் நகரலாம். அதனால்தான் நட்டநடுப் பகலிலும் எல்லோரும் விளக்கைப் போட்டுக்கொண்டு போவோம். தூசி தெரிந்தால் போதாது, விளக்கு தெரிய வேண்டும்.

எண்பத்தொன்பதாம் வருடம் நாலு வண்டிகள் போயின. எங்களுடைய பழுப்பு பிக்கப் மூன்றாவது. கடைசியில் தெய்ன், தனியாக. அவன் மனைவி ஆர்டிஸ் நிறைமாதம் என்பதால் வரவில்லை. எங்கள் வண்டியில் ரூலனும் நானும், நடுவில் ரெண்டு பெண்பிள்ளைகள். ரேடியோ கெட்டுப்போய் ரூலன் அதைக் கழற்றி வீட்டு ஷெட்டில் போட்டிருந்தான். டேஷ்போர்டில் அது இருந்த ஓட்டைக்குள் பிள்ளைகள் பீச் கொட்டைகளைப் போட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் பிளவுப்பாறை என்ற இடத்துக்கு வந்தோம். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் மேட்டில் ஏறி முகாமுக்குப் போகும். இடது பக்கம் காய்ந்த ஆற்றுக்குள் இறங்கும். முந்தின வருடம் நாங்கள் கூடாரம் போட்டது அந்த ஆற்றுப் பக்கத்தில்தான்.

ரூலன் நிறுத்தினான். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். சின்னவள் பசி பசி என்று சிணுங்க ஆரம்பித்தாள். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். பின்னால் வளைவுக்கு அந்தப் பக்கம் சிவப்பாகத் தூசி எழும்பி வந்துகொண்டிருந்தது.

"அதோ தெய்னோட தூசி வருதுல்ல. எடு. பிள்ளைங்க பட்டினியா கெடக்குதுங்க" என்றேன்.

ரூலன் கண்ணாடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். வண்டியை எடுத்தான்.

அது தெய்ன் கிளப்பிய தூசி இல்லை. மேலே மலையில் பெய்துகொண்டிருந்த மழைக்கு முன்னால் வந்த காற்று கிளப்பியது. தெய்ன் இரண்டு மைல் பின்னால் பஞ்சரான டயரை மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் பிளவுப்பாறைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை, எங்கள் டயர்த் தடத்தையும் காற்று துடைத்துவிட்டது. போன வருட ஞாபகத்தில் இடது பக்கம் திரும்பினான். மலையில் பெய்த மழை அத்தனையும் ஆற்றில் இறங்கி வந்து அவனை எடுத்துக்கொண்டது. மறுநாள் காலையில் நாலு மைல் கீழே கண்டுபிடித்தார்கள். வண்டி கூரைவரை செம்மண்ணில் புதைந்திருந்தது.

ஷெரிப் வந்து விசாரித்தார். "விளக்கைப் பாக்காம நான்தான் எடுத்துட்டேன்" என்றான் ரூலன். நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊரில் எல்லோருக்காகவும் பேசுகிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகும் திறக்கவில்லை. ஊர் அவனைத்தான் பார்த்தது. சர்ச்சில் அவனுக்குப் பக்கத்து இடம் ரெண்டு வருடம் காலியாகக் கிடந்தது. நான் சொன்னேன் என்று அவனும் ஒருவரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு தடவை திட்டித் தொலைத்திருக்கலாம். அதுதான் என்னைத் தின்றது.

வண்டியை நசுக்கி இரும்புக்குப் போடுவதாக இருந்தது. ரூலன் ஆர்டிஸ் வீட்டுக்குப் போய்த் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அத எங்கிட்டக் குடுத்துடு, ஆர்டிஸ்."

"எடுத்துட்டுப் போ. என் வீட்டு முன்னாடி மட்டும் ஓட்டாத" என்றாள் அவள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஆறு குளிர்காலம் அந்த வண்டியோடு ஷெட்டில் கிடந்தான். இன்ஜினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தான். சிலிண்டர்களுக்குள் செம்மண் சுட்ட செங்கல்லாக இறுகியிருந்தது, குச்சி வைத்துக் குத்தி எடுத்தான். வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தான். கியர் பெட்டி, ஆக்ஸில், சக்கர பேரிங் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினான். விரிசல் விட்ட சேஸிஸை வெல்டிங் வைத்தான். அதோடு நின்றிருந்தால் ரிப்பேர் என்று விட்டுவிடலாம். ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி வண்டியை ஒரு முழம் உயர்த்தினான். இடுப்பு உயர டயர் போட்டான். இரண்டு பின்சக்கரமும் பூட்டிக்கொண்டு சேர்ந்தே சுற்றும்படி ஆக்ஸிலை மாற்றினான். முன்னால், சிக்கினால் வண்டியை இழுத்தெடுக்க இரும்புக் கயிறு சுற்றிய வின்ச். இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றினான். அந்த ஒரு மத்தியானத்திலிருந்து தப்பிக்க அந்த வண்டிக்கு என்னவெல்லாம் வேண்டியிருந்ததோ, அதையெல்லாம் ஆறு வருடம் தாமதமாகச் செய்தான். மஞ்சள் விளக்கை மட்டும் மாற்றவில்லை.

மண் மட்டும் போகவே இல்லை. எத்தனை தடவை கழுவினாலும், காலையில் ஷெட்டைத் திறந்தால் வண்டிக்குக் கீழே ஒரு கைப்பிடி செம்மண் உதிர்ந்து கிடக்கும். கதவுக்குள்ளிருந்து, டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து, புதிதாகப் போட்ட சீட்டின் மடிப்பிலிருந்துகூட. சேஸிஸ் குழாய்க்குள் தங்கியது அதிர்வில் இறங்குகிறது என்பான் ரூலன். மெக்கானிக் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வண்டியை எடுக்காத ஜனவரியிலும் ஏன் உதிர்ந்தது என்று நான் கேட்கவில்லை. அவன் பெருக்கி எடுத்துப் பெயிண்ட் டப்பாவில் போட்டுவைப்பான். டப்பாக்கள் நிறைந்துகொண்டே போயின.

வண்டி தயாரான வருடத்திலிருந்து, வருடாவருடம் அந்த விடுமுறைச் சனிக்கிழமையில் அதை எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். ஆர்டிஸ் வீட்டைத் தவிர்த்து நூலகத்துக்குப் பின்பக்கமாகச் சுற்றிப் போவான். பிளவுப்பாறைக்குப் போய் நிறுத்தி, விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். இருட்டுவதற்குள் வந்த வழியே திரும்பிவிடுவான். முகாமுக்கு ஒரு தடவைகூட ஏறியதில்லை. பின்னால் வருகிறவன் இன்னும் வரவில்லையாம்.

ஆர்டிஸ் வருடாவருடம் பீச் பழம் பாட்டிலில் போட்டுக் கொண்டுவந்து தருவாள். "அவனப் போட்டு ரொம்பத் திட்டாத, நெல்டா. அவன் வேணும்னா செஞ்சான்?" என்பாள். ஒரு பாட்டிலைக்கூட நான் திறந்ததில்லை. நிலவறையில் வரிசையாக நிற்கின்றன.

ஒரு செப்டம்பரில் பொறுக்கமுடியாமல் கத்திவிட்டேன். "நீ உக்காந்திருக்கறதே அவன் வண்டியில. அப்புறம் அவன் எதுல வருவான், நடந்தா வருவான்?"

பதில் வர ஆறு வருடம் ஆயிற்று. எழுபத்தோராவது வயதில் அவனுக்குக் கண் மங்கிவிட்டது. அடுத்த வருடம் லைசென்ஸ் கிடைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் செப்டம்பரில் காலை சாப்பிடும்போது சொன்னான்.

"இந்த வருஷம் நீயும் வா."

"எதுக்கு? பாறைய எண்ணுறதுக்கா?"

"நான் நம்ம பழுப்புல முன்னாடி போறேன். நீ பச்சைய ஓட்டிட்டுப் பின்னாடி வா."

முப்பது வருடம் பள்ளி பஸ் ஓட்டியவள் நான். எந்த வண்டியும் எனக்குப் பயமில்லை. ஆனால் அந்தச் சீட்டின் ஓரத்தில்தான் உட்கார்ந்தேன். இன்ஜின் சூடேறியதும் ஈர மண் வாசனை வந்தது. இருபத்தாறு வருடம் காய்ந்த வண்டியில் எங்கிருந்து ஈரம் வந்தது என்று தெரியவில்லை. மணல் ஆரம்பிக்கும் இடத்தில் இறங்கி, சக்கரம் புதையாமலிருக்க இரண்டு பேரும் டயர்க் காற்றைப் பாதியாகக் குறைத்தோம். அவன் முன்னால் போனான். குலுங்கக் குலுங்க டேஷ்போர்டிலிருந்து செம்மண் என் மடியில் உதிர்ந்துகொண்டே வந்தது.

பிளவுப்பாறைக்கு முந்தின வளைவில் நின்றுவிட்டேன். அங்கிருந்து பார்த்தால் நமக்கு அவன் தெரிவான், நம் விளக்கு எரிந்தால்தான் அவனுக்கு நாம் தெரிவோம். விளக்கை நான் இன்னும் போடவில்லை. பிரியும் இடத்தில் பழுப்பு வண்டி பின்விளக்கு சிவக்க நின்றுகொண்டிருந்தது. தெய்ன் பார்த்திருக்க வேண்டியது இதைத்தான். இந்த இடத்தில் வந்து அவன் வெறும் பாறையைப் பார்த்தான். விளக்கைப் போட்டால் ரூலன் நகர்ந்துவிடுவான். நகர்ந்துவிட்டால் முகாமில் போய் நான் அவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். வாயை மூடிக்கொண்டு இனியும் என்னால் இருக்க முடியாது. அந்தச் சீட்டில் உட்கார்ந்து பொய்யாக இருக்க முடியவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது, அவன் அசையாமல் காத்திருந்தான். வலது பக்கம் காலியாக இருந்த சீட்டை நான் திரும்பிப் பார்க்கவில்லை. விளக்கைப் போட்டேன்.

பழுப்பு வண்டியில் வலது பக்க இண்டிகேட்டர் சிமிட்டியது. சுற்றி ஐம்பது மைலுக்கு ஆள் இல்லாத இடத்தில் சிக்னல் போட்டுத் திரும்பினான். நானும் அவன் பின்னாலேயே வலது பக்கம் திரும்பி மேடேறினேன்.

முகாமில் அவன் இறங்கி வந்து மஞ்சள் விளக்கின்மேல் கையை வைத்தான். "வந்துட்டியா" என்றான். அவன் கேட்டது என்னை இல்லை.

அடுப்பு மூட்டி, சட்டியை ஏற்றிவைத்த பிறகு சொன்னேன். "ரூலன், அன்னிக்கு எடுன்னு சொன்னது நான்தான். தூசியப் பாத்துட்டு நான்தான் சொன்னேன்."

அவன் ஒரு விறகை நெருப்புக்குள் தள்ளிவிட்டான். "சொன்னியா என்ன? ரேடியோ அலறிக்கிட்டிருந்துச்சே. என் காதுல எதுவுமே விழல. நானாத்தான் எடுத்தேன்" என்றான்.

அந்த வருடம் எங்கள் வண்டியில் ரேடியோ இல்லை. அது ஷெட்டில் கிடந்தது. கழற்றியவன் அவன்தான். அந்த ஓட்டைக்குள் போட்ட பீச் கொட்டைகளைக் குளிர்காலத்தில் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தவனும் அவன்தான். கல்யாணமான நாள்முதல் அவன் என்னிடம் சொன்ன ஒரே பொய், அதையும் இருபத்தாறு வருடம் தயாராக வைத்திருந்திருக்கிறான்.

"ஆமா, ரேடியோ சத்தம்தான்" என்றேன். உருளைக்கிழங்கை நறுக்க ஆரம்பித்தேன்.