புழல் பன்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாவது பாஸ் ஆனவர் என் தாய்மாமன்தான். பாஸ் ஆன இடம் புழல் ஜெயில். ஏரித் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும் என்ற சண்டையில், பக்கத்துத் தெருக்காரர் ஒருவரை மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டு உள்ளே போனவர், வெளியே வரும்போது பத்தாவது சான்றிதழோடும் பேக்கரி வேலை கற்ற சான்றிதழோடும் வந்தார். அம்மா இரண்டுக்கும் கண்ணாடி போட்டு மாட்டினாள். எட்டாவதைத் தாண்டாத தம்பி என்று ஊரெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டவளும் அவள்தான்.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். சண்டை விஷயம் என் காதில் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். அதனால் ஜெயில் என்றால் ஹாஸ்டல் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். படிக்க வைக்கிறார்கள், பன் சுடக் கற்றுத் தருகிறார்கள், பாஸும் போடுகிறார்கள். இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? பெரியவளானதும் என்னையும் அங்கேயே சேர்த்துவிடு என்று அம்மாவிடம் கேட்டு, முதுகில் ஒன்று வாங்கினேன்.

மாமாவுக்கு ஊரிலேயே பேக்கரி போட ஆசை. ஊர்தான் முகம் கொடுக்கவில்லை. டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடும். "யாரு வாங்கித் துன்னுவாங்க, சொல்லு? ஒரகடத்துல கம்பெனி கேன்டீனுக்கு ஆள் கேக்குறாங்க. திங்கக்கெழம கெளம்புறேன்க்கா" என்றார் ஒருநாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் வீட்டில் என் பேச்சை முழுசாகக் கேட்கிற ஒரே ஆள் அவர். போவதானால் எனக்கு ஒரு பன்னாவது செய்து கொடுத்துவிட்டுப் போ என்று காலைக் கட்டிக்கொண்டேன்.

அங்கேதான் வந்தது வினை. மாமாவுக்குக் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. ஜெயிலில் மாவை மூட்டைக் கணக்கில்தான் பிசைவார்களாம். மூட்டைக்கு எவ்வளவு ஈஸ்ட், எவ்வளவு சர்க்கரை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு கிலோவுக்கு என்றால் முழிப்பார். "பத்தாவது பாஸுதானே, வகுத்துப் பாருடா" என்றாள் அம்மா. வகுத்தார். வந்த பன்னை எங்கள் வீட்டு நாய் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அர மூட்டைக்குக் கீழ என்னால எறங்க முடியாது" என்று சொல்லிவிட்டு, உத்திரமேரூர் பஜாரிலிருந்து வண்டியில் மைதாவை ஏற்றிக்கொண்டு வந்தார். இரும்பு டிரம்மைப் படுக்கவைத்து, சுற்றிலும் செங்கல் அடுக்கிக் களிமண் பூசி அடுப்பாக்கினார். கல்யாண அண்டாவில் பிசைந்து வைத்த மாவு வெயிலுக்கு உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. சாயங்காலத்துக்குள் கட்டில்மேல், பீரோமேல், டிவிக்குப் பக்கத்தில், எங்கே பார்த்தாலும் பன். வாசனை தெருவைத் தாண்டிப் போய்விட்டது.

"இத்தினியும் யார்டா துன்றது? கோயில் திருநாளா நடந்துக்கினு கீது நம்ம வூட்ல?" என்று அம்மா பிடித்துக்கொண்டாள். நான் குடுத்துட்டு வர்றேன் என்று அன்னக்கூடையைத் தூக்கினேன். எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

முதல் வீட்டு அத்தையே, "இன்னா பாப்பா, ஜெயிலு பன்னா?" என்று நக்கலாகச் சிரித்தாள். "ஆமா, புழல் பன்னு. சூடா கீது, துன்னுட்டு பேசுங்க" என்றேன். பன் சூடாக இருக்கும்போது வீம்பு பிடிப்பது கஷ்டம். தின்றாள். தெருப் பிள்ளைகள் இரண்டாவது பன் கேட்டு என் பின்னாலேயே வந்தார்கள்.

கடைசியாகப் பக்கத்துத் தெருவில் ஒரு வீடு. அதைப் பார்த்ததும் பிள்ளைகள் முனையிலேயே நின்றுவிட்டார்கள். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். யார் சுட்டது என்று கேட்டார். எங்க மாமா என்றேன். கூடையையே கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் ஒன்றை எடுத்துக் கடித்தார். முழுசும் தின்று முடித்துவிட்டு, "சக்கர கம்மியா கீது. அடுத்த தபா தூக்கலா போடச் சொல்லு உங்க மாமன" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "அந்த வூட்டுக்குமா போன?"

"ஆமா. எல்லாரும் நல்லா கீதுன்னாங்க, அவரு மட்டும் சக்கர கம்மின்னாரு. பெரிய மனுஷன், பீச்சாங்கையால எடுத்துத் துன்றாரு. மரியாதையே தெர்ல."

தட்டுக் கழுவிக்கொண்டிருந்த மாமா எழுந்து வந்தார். "துன்னாரா? நீ பாத்தியா?"

"முழுசும் துன்னாரு. அடுத்த தபா தூக்கலா போடணுமாம்."

மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து, ஈரக்கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அந்தத் திங்கட்கிழமை மாமா ஒரகடத்துக்குப் போகவில்லை.

மண்வெட்டிப் பிடி விழுந்தது அந்தப் பெரியவரின் வலது கையில் என்றும், அதற்குப் பிறகு அந்தக் கை அவர் வாய்வரை எழும்பவே இல்லை என்றும் எனக்குத் தெரிய வெகுநாள் ஆனது. அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. சர்க்கரை கம்மி என்று சொன்னதற்கா இவ்வளவு பெரிய ஆள் அழுவார்? பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வுடு மாமா, அடுத்த தபா சரியாப் போட்டுக்கலாம்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.