கத்திரிப்பூ நிற பனியன்

நான் எட்டாவது வரை படித்தவன். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து ஆடினேன். தொண்ணூறுகளில் என் வாழ்க்கை இந்த இரண்டுதான். குறை ஒன்றும் இல்லை.

எங்கள் ஊர் அன்னூரிலிருந்து அவினாசி போகும் வழியில் இருக்கிறது. டீமில் பாதிப் பேர் ஒரே கம்பெனி. நான் பின்னால் நின்று தடுப்பவன். கேப்டனும் நான்தான். மற்றவர்கள் மாட்டேன் என்றதால் என்னை ஆக்கினார்கள்.

எங்கள் பனியன் கத்திரிப்பூ நிறம். நாங்கள் கேட்டது சிவப்பு. சாயப்பட்டறையில் இருந்த கூட்டாளி, சிவப்புச் சாயம் போதாமல், மிச்சம் கிடந்த நீலத் தண்ணியில் முக்கிவிட்டான். வெளியே எடுத்தபோது கத்திரிப்பூ. வேறு துணி இல்லை, அதையே போட்டு ஆடினோம். முதல் வருடம் சிரித்தார்கள். இரண்டாம் வருடம் பக்கத்து ஊர்க்காரர்கள் கத்திரிக்காய் கொண்டுவந்து கோல் கம்பத்தில் கட்டினார்கள். மூன்றாம் வருடம் எங்கள் ஊர் ஆட்களே கட்டினார்கள். ஆறு வருடம் அதே பனியன். கிழிந்தால் நானே தைப்பேன்.

அந்த நாளில் கம்பெனிக்கு வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. அங்கே ஒரு ஊரின் பந்து கிளப்புக்குப் பனியன். ஆடுகிறவர்களுக்கு இல்லை, பார்க்கிறவர்களுக்கு. மூட்டை மூட்டையாகத் தைத்தோம். மேனேஜரிடம் கேட்டேன்.

"பாக்கறவனுக்கு எதுக்குங்க பனியன்?"

"அங்க பாக்கறவனும் போட்டுக்கோணுமாமா. வருசா வருசம் புதுசு வாங்கோணும்."

"போன வருசத்து கிழிஞ்சு போயிருமுங்களா?"

"கிழியாது. டிசைன மாத்திப்போடுவாங்க."

"ஏனுங்க?"

"மாத்துனாத்தான வாங்குவான். போயி மிஷின ஓட்டு."

அந்த ஆர்டரைக் கொடுத்த பையர் ஒரு வெள்ளைக்காரர். கம்பெனி பார்க்க வந்தார். வரும் வழியில் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்த ஆள் ஒருவர் போட்டிருந்த பனியன், பையரின் கிளப்புக்கு ஆகாத கிளப்பின் பனியனாம். காரை நிறுத்தச் சொல்லி, ஏன் அதைப் போட்டிருக்கிறார் என்று மேனேஜரைக் கேட்கச் சொன்னாராம். அந்த ஆள் நிமிர்ந்து பார்த்து, "சந்தையில கிடைச்சுதுங்க. வேர்வைக்கு நல்லா இருக்குதுங்க" என்றாராம். பையருக்கு மதியம் வரைக்கும் மனது சரியில்லை என்று மேனேஜர் சொன்னார்.

அந்த ஆர்டரில் ஒரு கட்டு நீலப் பனியன் நிறம் சரியில்லை என்று கழிந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் ஆடிய நிலம் அவருடையது. தைத்த பனியனைச் சரிபார்க்கும் செக்கிங்குக்கு ஒரு பெரிய கட்டடம் கட்ட அதைத்தான் பார்த்துவைத்திருந்தார். இது எங்களுக்கும் தெரியும்.

"இந்த நீலத்தப் போட்டு ஆடுங்க தம்பி. கிளப்பு முத்திரைய வெட்டிப்போட்டு அந்த எடத்துல நம்ம கம்பெனி பேர அடிச்சுத் தாரேன். ஆயுத பூசைக்கு மறுநாளு மேட்சுதான? பையரக் கூட்டிட்டு வாரேன். கூட்டம் நம்ம கம்பெனி பேரச் சொல்லிக் கத்தோணும். கத்துனா கிரவுண்டு உங்களுக்கே இருக்கட்டும். கட்டடத்த ஓரமாக் கட்டிக்கறேன்."

"கத்தாட்டி என்னுங்க?"

"அப்பறம் நான் யாருக்காவ நெலத்த உடறது?"

அவர் சொன்னது நியாயம்தான். வேறு மைதானம் என்று போக எங்களுக்கு இடமில்லை. சரி என்று வாங்கி வந்தேன். நல்ல துணி. போட்டால் உடம்பில் இருப்பதே தெரியாது.

மேட்ச் அன்று எதிர் டீம் அந்தியூர்ப் பக்கத்திலிருந்து வேனில் வந்தது. வந்த டீமுக்குச் சாப்பாடு போட்ட பிறகுதான் எங்கள் ஊரில் ஆட்டம். இலை போட்டு, இரண்டாம் தடவையும் ரசம் ஊற்றினோம்.

"ஓட முடியாமப் பண்ணத்தான் இப்படி ஊத்தறீங்களாக்கு?" என்றார் அவர்கள் கேப்டன்.

"பாயசம் இன்னும் வரலீங்க" என்றேன்.

சாப்பிட்டு முடித்துச் சட்டையை மாற்றினார்கள். அவர்களுடையதும் நீலம். எங்கள் நீலத்துக்கும் அதற்கும் பத்தடி தள்ளி நின்றால் வித்தியாசம் தெரியாது. ரெஃப்ரியாக வந்த பி.டி. வாத்தியார், யாராவது மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாற்ற வேண்டியது நாங்கள்தான், உள்ளூர்க்காரர்கள். ஆனால் முதலாளி பையரோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பேர் அடித்த பனியனைக் கழற்ற முடியாது. சட்டை இல்லாமல் ஆடுகிறோம் என்றார்கள் விருந்தாளிகள். சாப்பாடு போட்டவனுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்காதா? பழக்கத்தில் கத்திரிப்பூ பனியன்களையும் துவைத்து மூட்டையில் கொண்டுவந்திருந்தேன். எடுத்துக் கொடுத்துவிட்டேன். நல்லது செய்ததாகத்தான் நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. கூட்டம் பொரியும் கடலையுமாகச் சுற்றி நின்றது. பந்து அந்தியூர்க்காரர்கள் காலுக்குப் போனதும் எங்கள் ஊரே கத்தியது. எங்கள் காலுக்கு வந்தால் சத்தம் இல்லை. ஒருத்தனைத் தடுத்துத் தள்ளினேன். எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "ஏனுங்க நீலம், பாத்து ஆடுங்க, நம்ம பையன் கீழ உழுந்துட்டான்" என்றார். அந்தப் பெரியவர் என் மாமனார்.

அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். டீக்கடை அக்கா இரண்டு கத்திரிக்காயைத் தூக்கி ஆட்டியது. திரும்பிப் பார்த்தேன். முதலாளி நாற்காலியில் அசையாமல் இருந்தார். மைதானம் போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

இடைவேளையில் அவர்கள் கேப்டன் என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, உங்க ஊருச் சனம் எங்களுக்குக் கத்துது. எங்களுக்கே கூச்சமா இருக்குதுங்க. சோறும் போட்டுக் கையும் தட்டுனா நாங்க எப்படிங்க உங்களத் தோக்கடிக்கறது?"

"என்னுங்க பண்ணறது?"

"கழட்டுங்க. எங்களுக்கு அந்த நீலத்தக் குடுங்க, உங்க கம்பெனி பேரும் கிரவுண்டுலயே ஓடட்டும். நீங்க உங்களதப் போட்டுக்கோங்க."

நான் முதலாளி பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் செய்ய முடியாது. கழற்றினோம். ஈரத்தோடு மாற்றிக்கொண்டோம். வாத்தியார், "எதையாச்சும் போட்டுட்டுச் சீக்கிரம் வாங்கப்பா, இருட்டிரும்" என்றார்.

கத்திரிப்பூ எங்கள் மேல் ஏறியதும் சத்தமும் எங்கள் பக்கம் வந்தது. முன்னே விழுந்த கோல் யாருடையது என்று கூட்டத்துக்குக் குழப்பம். டீக்கடை அக்கா இப்போது நாங்கள்தான் ஜெயிக்கிறோம் என்று நினைத்தது. கடைசியில் எங்கள் பையன் ஒருவன் தலையால் முட்டிப் போட்டான். ஒன்றுக்கு ஒன்று. அந்தியூர்க்காரர்களும் கை தட்டினார்கள்.

முடிந்ததும் அக்காவிடம் போனேன். "எங்க மூஞ்சி கூடவா அக்கா தெரியல?"

"அத்தன தொலவுல மூஞ்சி யாருக்குத் தெரியும் கண்ணு? நம்ம கலரு ஓடுச்சு. கத்தினேன்."

முதலாளி கூப்பிட்டார். பக்கத்தில் பையரும் மேனேஜரும் இருந்தார்கள். பையர் சிரித்துச் சிரித்து முகம் சிவந்திருந்தார். அவர் சொன்னதை மேனேஜர் சொன்னார். அங்கே அவர் ஊரில் அப்பனுக்கு ஒரு கிளப் என்றால் மகனுக்கும் அதுதான். எத்தனை தோற்றாலும் மாற மாட்டார்கள். அதனால் கிளப் பனியனை வருடா வருடம் மாற்றலாம், கோப்பையிலும் துண்டிலும் குழந்தைச் சட்டையிலும் முத்திரை அடித்து விற்கலாம். கிழவர்கள் திட்டிக்கொண்டே வாங்குவார்கள். ஆகாத டீமுக்குச் சோறு போட மாட்டார்கள். நடுவில் கம்பி வேலி கட்டி உட்காரவைப்பார்கள்.

பையர் என்னிடம் ஒன்று கேட்டார். நான் வேறு ஊருக்குக் குடிபோனால் யாருக்குக் கத்துவேன்?

"அந்த ஊருக்குத்தானுங்க."

அந்த ஊரும் இந்த ஊரும் ஆடினால்?

"நடுவுல நிப்பனுங்க. மாப்பிள்ளைங்கல்லாம் அப்படித்தான நிக்கறாங்க."

மேனேஜர் அதைச் சொன்னதும் பையர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். பிறகு முதலாளியிடம் என்னவோ நெடுநேரம் பேசினார். முதலாளி தலையாட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"கலர மாத்துனா கூட்டம் வராதுங்கறாரு. கத்திரிப்பூவே இருக்கட்டும். புதுசாத் துணி ஓட்டித் தாரேன். என்ற கம்பெனி பேர எங்க போடறது? நெஞ்சுல போட்டா அந்தக் கலரு கெட்டுப்போகும்."

"கழுத்துக்கு உள்ளீங்க. லேபிள் வெக்கற எடத்துல."

"அது யாருக்குத் தம்பி தெரியும்?"

"போடறவனுக்குத் தெரியுமுங்க."

அவர் தன் சட்டைக் காலரைத் தொட்டுப் பார்த்தார். பனியன்காரர்தானே. லேபிள் உள்ளேதான் இருக்கும் என்பது அவருக்குப் புதிதில்லை. "சரி, கட்டடத்த ஓரமாக் கட்டிக்கறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

பிறகு சாயப்பட்டறைக் கூட்டாளிக்குத்தான் கஷ்டம். தவறிப்போய் வந்த நிறத்தை மறுபடி கொண்டுவர அவனுக்கு வழி தெரியவில்லை. முதல் துண்டைக் கொண்டுவந்தான். டீக்கடையில் காட்டினேன். அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"இது பீட்ரூட்டு."

இரண்டாவது துண்டு. "இது நாவப்பழம். எடுத்துட்டுப் போ கண்ணு."

"வெள்ளக்காரனே பரவால்லடா" என்றான் கூட்டாளி.

நான்காவது துண்டை அக்கா கத்திரிக்காய்ப் பூவின் மேல் வைத்துப் பார்த்தது. டீ போடத் திரும்பியது. அதுதான் சம்மதம். அன்று மாலையே நான் மிஷினில் உட்கார்ந்தேன்.

கட்டடம் ஓரத்தில் வந்தது. பந்து அதன் சுவரில் பட்டுத் திரும்பும். செக்கிங் பெண்கள் ஜன்னலில் நின்று பார்ப்பார்கள். அந்த மைதானத்தில் நான் இன்னும் ஐந்து வருடம் ஆடினேன். முழங்கால் போன பிறகு ஓரமாக நின்று பார்த்தேன். அப்போதும் அந்தப் பனியனைத்தான் போட்டிருந்தேன்.