குமரேசன் அண்ணன் எடுக்காத வீடியோ

அன்று காலை நான் முதலில் கவனித்தது விசில் சத்தத்தைத்தான். ஆரணியிலிருந்து தேவிகாபுரம் போகும் அந்தத் தனியார் பஸ் எங்கள் தெருமுனையில் நின்று கிளம்பும்போது ஒரே ஒரு நீளமான விசில் கேட்கும். அன்றைக்கு இரண்டு சின்ன விசில்கள் கேட்டன. படிக்கட்டில் வேறு யாரோ நிற்கிறார்கள், கண்டக்டர் குமரேசன் அண்ணன் லீவு போட்டிருப்பார் என்று நினைத்தேன். லீவு நாளில் என்ன வீடியோ போடுவார் என்றுகூட யோசித்துக்கொண்டே ராட்டையில் தறிக்கு நூல் தார் சுற்றிக்கொண்டிருந்தேன்.

சிறிது நேரத்தில் போனில் அவர் பெயர் வந்தது. எங்கள் வீடியோ குழுவில் அவருடைய எண்ணிலிருந்து ஒரு செய்தி. "நான் அவர் வீட்டுக்காரி சுமதி. விடியக்காலம் நெஞ்சுவலி வந்து அவர் தவறிட்டார். எல்லாருக்கும் சொல்லிடுங்க." பக்கத்தில் அவருடைய சிரித்த படம். அந்தப் படத்தையும் அந்த வரிகளையும் சேர்த்துப் புரிந்துகொள்ள எனக்கு நேரமாயிற்று. ராட்டை நின்றுபோனதை அம்மா வந்து கேட்ட பிறகுதான் கவனித்தேன்.

குழுவில் இருப்பவர்களுக்குக் குமரேசன் அண்ணனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கப்போகும் அவருடைய சொந்தக்காரர்களுக்கும் பஸ்ஸில் வேலை செய்பவர்களுக்கும் எங்கள் குழுவைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு மாதம் முழுக்கத் தினமும் ஆளுக்கு ஒரு வீடியோ போட வேண்டும். ஒரு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. சினிமாப் பாட்டு சேர்க்கக்கூடாது. அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே காட்ட வேண்டும். களம்பூர் ரைஸ் மில்லில் மூட்டை தைப்பவர் முதல் ஆரணியில் டிபன் கடை வைத்திருக்கும் அக்கா வரை அதில் இருக்கிறார்கள். பெரும்பாலும் அந்த பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள். அண்ணன் எதற்காக இதை ஆரம்பித்தார் என்று ஒரு வீடியோவில் அவரே சொல்லியிருக்கிறார். "தெனமும் உங்க எல்லாரையும் ஏத்தி எறக்கறேன். எறங்கினதும் யாரு எங்க போறீங்க, இன்னா பண்றீங்கன்னு எனக்கு ஒண்ணும் தெரியல. அதான் கேக்கறேன்."

நான் ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது தார் சுற்ற ஆள் இல்லை என்று நின்றேன், பிறகு போகவில்லை. வகுப்பில் எழுந்து படிக்கச் சொன்னால் எனக்குச் சத்தமே வராது என்பதால் எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. சித்தி மகள்தான் என்னைக் குழுவில் சேர்த்துவிட்டாள். முதல் வீடியோவில் என் கையும் ராட்டையும் மட்டும் இருந்தன. அடுத்த நாளும் அதே கை, அதே ராட்டை. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். பேச்சே கிடையாது. ஒருவரும் எதுவும் எழுதவில்லை. குமரேசன் அண்ணன் மட்டும் எழுதினார். "பாப்பா, பஸ்ல ஏறிட்டு ஊர் பேரு சொல்லாம நின்னா நான் எப்படி டிக்கெட் குடுக்கறது?" படித்துவிட்டுச் சிரித்தேன். பதில் போடவில்லை.

அவருடைய வீடியோக்கள் பெரும்பாலும் தேவிகாபுரத்தில் பஸ் நிற்கும் நேரத்தில் எடுத்தவை. தினமும் வரும் பூக்கார அக்கா ஒருவர் அவரைக் கிண்டல் செய்யாமல் விடமாட்டார்.

"இன்னாய்யா, டிக்கெட் கிழிக்காம போன்ல உன் மூஞ்சியே பாத்துகினு கீற?"

"உன் மூஞ்சியதான்க்கா பாக்கறேன். கொஞ்சம் சிரி."

"சிரிச்சா டிக்கெட்டு ஃப்ரீயா?"

"சிரிச்சா சீட்டு ஃப்ரீ. டிக்கெட்டு வாங்கித்தான் ஆவணும்."

ஒரு மழை நாளில் கடைசி டிரிப்பில் ஆளே இல்லை. காலியான சீட்டுகளைக் காட்டிக்கொண்டே முன்னாலிருந்து பின்னால்வரை நடந்தார். "இன்னிக்கு ஒண்ணும் நடக்கல. ஒண்ணும் நடக்காததையும் காட்டணும் இல்ல?" என்றார். எனக்கு மிகவும் பிடித்த வீடியோ அதுதான். என் நாட்கள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை.

குழுவில் உள்ளவர்களின் வீடுகளுக்குப் போய் வீடியோ எடுக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. வார ஓய்வு நாளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா சந்தோஷமாக வரவேற்றார். நெசவு வீடுகளில் வெளியாள் வந்தால் தறியில் இருக்கும் சேலையின் மேல் ஒரு வேட்டியைப் போட்டு மூடிவிடுவோம். புது டிசைனை யாராவது பார்த்துப் போய் வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். அண்ணன் பஸ் கண்டக்டர், அவருக்கும் பட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்பா மூடவில்லை. போனை நாங்கள் யாருமே வெளியாளாக நினைக்கவில்லை. அண்ணன் பேசிக்கொண்டே போனைத் திருப்பினார். அது பார்டரின் மேல் மெதுவாகப் போவதை நான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலையில் அந்த வீடியோவைப் போட்டார். பார்டர் அழகு, பார்டர் அழகு என்று எல்லோரும் எழுதினார்கள். யாரோ வேறு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுநாளே எங்களுக்கு நெய்யப் பட்டும் பாவு நூலும் கொடுக்கும் முதலாளி வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னாப்பா இது? கல்யாண சீசனுக்குன்னு தனியா வரைய சொல்லி வாங்கின பார்டரு. ஊரு பூரா போன்ல ஓடிகினு கீது."

"தெரியாம ஆயிடிச்சிங்க மொதலாளி."

"இந்தப் பாவோட சரி. அடுத்த பாவு வேற வூட்டுக்குப் போவும்."

பாவு வராவிட்டால் எங்கள் தறி ஓடாது. அப்பா என்னைத் திட்டவில்லை. "இனிமே அந்தப் போனத் தொடாத" என்று மட்டும் சொன்னார். போனை விடுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டு, நடந்ததை அண்ணனுக்கு எழுதினேன்.

அடுத்த நாள் இரண்டு டிரிப்புகளுக்கு நடுவில் காக்கிச் சட்டையோடு வந்து அப்பாவை அழைத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். அங்கே நடந்ததை அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"இவங்க மேல தப்பு இல்லீங்க. நான்தான் கேக்காம எடுத்தேன். பஸ்ல யாரையும் கேக்காம எடுத்து எடுத்து அதே பழக்கமாப் போச்சி" என்றாராம்.

"நீ வந்து சொல்லிட்டா என் பார்டரு திரும்பி வந்துடுமா?"

"வராதுங்க. இன்னா பண்ணணும்னு நீங்களே சொல்லுங்க. அதப் பண்ணிட்டுத்தான் போவேன்."

வீடியோவை எல்லாப் போனிலிருந்தும் அழிக்க வேண்டும் என்றாராம் முதலாளி. அண்ணன் அங்கேயே தரையில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறார். யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று கேட்டு அவர்களையும் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த டிரிப்புக்கு நேரமாகிவிட்டது, டிரைவர் போன் மேல் போன் போட்டார். இவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் முதலாளியே, "யோவ், மொதல்ல போய் பஸ்ஸ எடுங்கய்யா. ஜனங்க வெயில்ல நின்னுகினு கீறாங்க. பாவு அவங்க வூட்டுக்கே வரும். தறிய மூடிட்டு இன்னா வேணா எடுத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தாராம். சொல்லும்போது அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்து என் கையில் கொடுத்தார்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல் வந்தது. தறியை மூடிவிட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு வெள்ளை வேட்டிதான் தெரியும். பார்க்கிறவர்களுக்கு அது என்ன என்றே புரியாது. வேறு வழியில்லாமல் பேசினேன். "இந்த வேட்டிக்குக் கீழ ஒரு சேலை இருக்குது. பாதி முடிஞ்சிடிச்சி. யார் கட்டிக்கப் போறாங்கன்னு எங்களுக்குத் தெரியாது" என்றேன். அழித்துவிடலாமா என்று யோசித்து, அப்படியே அனுப்பினேன். முதலில் வந்தது அண்ணனுடைய பதில்தான். "இப்பதான் பாப்பா ஊர் பேரு சொல்லிச்சி. உக்காரு, உக்காரு."

அதன் பிறகு அவர் யாரையும் கேட்காமல் எடுக்கவில்லை. ஒவ்வொரு வீடியோவும் "எடுக்கட்டுமா?" என்ற குரலோடு தொடங்கும். "இன்னாய்யா திடீர்னு இவ்ளோ மரியாத, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று பூக்கார அக்கா கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். யாராவது வேண்டாம் என்று தலையாட்டினால் அடுத்த நொடி போன் பைக்குள் போய்விடும். ஒரு நாள் பஸ்ஸில் ஒருவர்கூடச் சம்மதிக்கவில்லை. அன்றைக்குத் தன்னுடைய செருப்பை ஒரு நிமிடம் காட்டினார். "இதுகிட்ட கேட்டேன். ஒண்ணும் சொல்லல. சரின்னுதான் அர்த்தம்" என்றார்.

அவர் போனபோது மாதம் முடிய இன்னும் பல நாட்கள் இருந்தன. குழுவில் யாரும் எதுவும் போடவில்லை. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், அவர் இல்லாமல் என்ன இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். பலர் கைகூப்பிய படத்தைப் போட்டார்கள். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஆனால் நிறுத்திவிட்டால் நான் திரும்பவும் பழையபடி ஆகிவிடுவேன் என்ற பயம் உள்ளே இருந்தது. அதை யாரிடம் சொல்வது?

பிறகு எல்லோரும் மறுபடி போட ஆரம்பித்ததும், மாதத்தை முழுதாக முடித்ததும் குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியும். ரைஸ் மில் அண்ணன் அடுத்த மாதமும் செய்யலாமா என்று இப்போதே கேட்கிறார். அது எப்படித் திரும்பத் தொடங்கியது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணன் போய் இரண்டு நாள் கழித்து அம்மாவும் நானும் தேவிகாபுரத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். சுமதி அண்ணியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அண்ணனுடைய போனில் அவர் வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீதான தறிய மூடி வச்சிகினு பேசின பொண்ணு?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

"வூட்ல இவ்ளோ பேசமாட்டாரு. வந்தா சாப்டுட்டுப் படுத்துடுவாரு" என்றார். "தெனமும் என்னையும் கேப்பாரு. 'சுமதி, எடுக்கட்டுமா'ன்னு. வேணாம்னுடுவேன். நைட்டியோட கீறேன், வூடு போட்டது போட்டபடி கீது, உனக்கு வேற வேலயே இல்லயான்னு கத்துவேன். சரின்னு உள்ள வச்சிடுவாரு. பஸ்ஸு கீது, ரோடு கீது, பூக்காரி கீறா. எங்க வூடு மட்டும் ஒண்ணுத்துலயும் இல்ல."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்ப ஏன் யாரும் போடல?" என்று அண்ணி கேட்டார்.

"துக்கம் இல்லையாம்மா, அதான்" என்றார் அம்மா.

"ஒரு நாளு வுட்டாலே அவருக்கு பேஜாராயிடும். இன்னா பண்ணுவாரு தெரியுமா? பல்லு கூட வெளக்காம யோசிச்சிகினு ஒக்காந்திருப்பாரு, இன்னிக்கு இன்னாத்த எடுக்கறதுன்னு." அழுகையும் சிரிப்பும் அவருக்கு ஒன்றாக வந்தன.

குமரேசன் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு கேள்வியைத்தான். அதைக் கேட்பதற்கு எனக்குத் தைரியம் வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் போனை உள்ளே வைக்கவும் தெரிய வேண்டும். இரண்டையும் அவர் செய்து பார்த்திருக்கிறேன்.

"அண்ணி, எடுக்கட்டுமா?" என்றேன்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தார். அண்ணி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். கொடியில் காய்ந்த துணிகள், மூலையில் அடுக்காத பாத்திரங்கள், ஆணியில் தொங்கும் காக்கிச் சட்டை.

"என் மூஞ்சி வேணாம்" என்றார். "வூட்ட எடு. வாசல்லருந்து ஆரம்பி."

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். போனைத் தாவணியில் துடைத்துக்கொண்டு, இது யாருடைய வீடு என்று சொல்ல ஆரம்பித்தேன்.