பரமு அண்ணன் யாருக்கும் சொல்லாத பாஸ்வேர்ட்

கடையின் இரும்புக் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "பாய், வேன்கார பரமு அண்ணன் போயிட்டாருலா. பிள்ளைங்கள ஸ்கூல்ல எறக்கி விட்டுட்டு அப்படியே ஸ்டியரிங்ல சாஞ்சிட்டாரு." காலங்காத்தாலே என்ன விளையாட்டு என்று சொன்னவனையே திட்டினேன். முதல் நாள் மாலைதான் அவர் என் கைப்பேசிக் கடையில் நின்று ஒரு சார்ஜர் ஒயருக்கு நெடுநேரம் பேரம் பேசிவிட்டு, வாங்காமலேயே போயிருந்தார். நம் அலோர் காஜா ஊரில் அவர் வேனில் ஏறிப் பள்ளிக்கூடம் போனவர்கள் இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிறீர்கள். உங்களுக்கும் செய்தி இப்படித்தான் வந்து விழுந்திருக்கும். எனக்கு இதை எழுதும்போதும் நம்பிக்கை வரவில்லை.

அவர் வாயை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் வேனைக் காக்க வைத்தால் தாய்மாரையே அதட்டுவார். "பிள்ள ரெடி இல்லன்னா நீங்க ஏறுங்கம்மா, உங்களயாவது படிக்க வைக்கிறேன்" என்பார். எதையும் ஊர் கேட்கத்தான் பேசுவார். ஆனால் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. விருந்தாளி கேட்டால், "என்னப் பாக்க வந்தியா, வைஃபையப் பாக்க வந்தியா?" என்று மடக்கிவிடுவார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு கஞ்சனா என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள், மலர். நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போனவள் அங்கேயே ஒரு சீனப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். "எனக்கு மகளே இல்ல பாய். இனிமே அந்தப் பேர எடுக்காதீங்க" என்று என் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னார். நான் எடுக்கவில்லை. அண்ணியிடம் இருக்கும் பட்டன் போனில் மலர் எப்போதாவது அம்மாவோடு பேசுவாள். மணி அடித்ததும் இவர் எழுந்து வேனைத் துடைக்கப் போய்விடுவார் என்று அண்ணி சொல்லி அழுதிருக்கிறார். போனவள் அவர் இருந்தவரை அந்த வீட்டு வாசலை மறுபடி மிதிக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அண்ணி தன் போனை என் கையில் திணித்தார். அந்தப் பக்கம் மலர். "பாய் அங்கிள், தகனத்துக்குள்ள என்னால வந்து சேர முடியாது. அப்பா மொகத்த ஒரு தடவ வீடியோல காட்டுங்க." பிறகு குரல் உடைந்து கேட்டாள்: "அங்கிள், என்மேல கோவத்தோடயே போயிட்டாரா?" வீடியோவுக்கு ஏற்பாடு செய்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் வீடிருக்கும் தாமான் குடியிருப்பு செம்பனைக் காட்டை ஒட்டிய பள்ளத்தில் இருக்கிறது. பேச லைன் கிடைப்பதே பெரிய பாடு, வீடியோவுக்கு வைஃபைதான் கதி. நம் ஆட்கள் எதற்கும் வண்டி நம்பரைத்தான் பாஸ்வேர்டாக வைப்பார்கள். பூட்டிக்கொண்டு என்னிடம் வரும் போன்களில் பாதியை அப்படித்தான் திறந்திருக்கிறேன். வேன் நம்பர், பழைய மோட்டார் சைக்கிள் நம்பர், விற்றுவிட்ட காரின் நம்பர் என்று கூடியிருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எதுவும் சேரவில்லை. அவருடைய போன் பூட்டிக் கிடந்தது. அப்போது ஒருவர், "வெரல வச்சா தெறக்கும்லா?" என்றபடி அண்ணன் கையைத் தூக்கினார். அண்ணி போட்ட சத்தத்தில் கூடம் அடங்கியது. "அவரத் தொடாதீங்க!"

அதன் பிறகுதான் அவருடைய மடிக்கணினி நினைவுக்கு வந்தது. என் கடையில் வாங்கிய பழைய பொருள். கேமரா செத்துப்போனது, ஆனால் பூட்டு எதுவும் கிடையாது. அறையில் உட்கார்ந்து திறந்தேன். வைஃபை அமைப்புக்குள் போனால், சேமித்த பாஸ்வேர்ட் வெறும் புள்ளிகளாக இருக்கும். ஒரு கட்டத்தைத் தட்டினால் எழுத்துகளைக் காட்டும். தட்டினேன்.

மலர் வீட்டுக்கு வந்துட்டா. ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல், அவ்வளவுதான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்த வைஃபை அவர் வீட்டுக்கு வந்ததே மலர் கல்யாணமாகி, பேச்சு நின்ற பிறகுதான். பேரை எடுக்காதே என்று எங்கள் வாயை அடைத்துவிட்டு இந்த மனுஷன் செய்த வேலையைப் பாருங்கள். அழுகை வருவதற்கு முன் எனக்குக் கோபம்தான் வந்தது. இதை அவளிடம் ஒரு தரம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

என் போனை இணைத்து முகத்தைக் காட்டினேன். மலர் கும்பிட்டபடியே கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தாள். பாஸ்வேர்ட் விஷயத்தை அத்தனை கூட்டத்தில் அவளிடம் சொல்ல வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். சாயங்காலம் அண்ணிக்கு மட்டும் காட்டினேன். அவர் திரையைத் தடவிவிட்டு, "அவ வரட்டும் பாய்" என்றார்.

கருமாதிக்கு மலர் புருஷனோடு வந்தாள். மடிக்கணினியை அவள் முன்னால் வைத்தேன். "அன்னிக்கு ஒண்ணு கேட்டியேம்மா. இது உங்கப்பா வச்ச வைஃபை பாஸ்வேர்ட்."

வாசித்தாள். தன் போனை எடுத்து ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். பாதியில் விரல் நின்றது. "முடியல அங்கிள், நீங்க போடுங்க."

"இல்லம்மா, நீதான் போடணும்."

போட்டு முடித்ததும் இணைப்புக் கிடைத்தது. மலர் அப்படியே அம்மாவின் மடியில் விழுந்து, "வந்துட்டேம்பா" என்று கத்தினாள். அண்ணியும் நானும் தடுக்கவில்லை.

பாஸ்வேர்டை மாற்றித் தரவா என்று கேட்டேன். இருவரும் வேண்டாம் என்றார்கள். என் போனிலும் அது இருக்கிறது. அந்தத் தெருவில் மோட்டாரை நிறுத்தினால் அவர் வீட்டு வைஃபை தானாக வந்து சேர்ந்துகொள்கிறது. பரமு அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை நான் அழிக்கப்போவதில்லை.