டத்தின் பட்டத்தோடு ஏறியவர்

காலை 8.30. மெல்பர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து சிட்னி ரயில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பியது. தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பதினொரு மணி நேரத்துக்கு மேல். கட்டணம் எண்பத்தேழு டாலர். விமானம் இருக்க இதென்ன கூத்து என்று மெல்பர்ன் புறநகர் கிரெய்கிபர்னில் இருக்கும் என் மகன் தலையில் அடித்துக்கொண்டான். ஊர் பார்க்க வந்தவளுக்கு மேகத்தைப் பார்த்து என்ன பிரயோசனம்?

பக்கத்து இருக்கையில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மாள். சீட்டில் பெயருக்கு முன்னால் இருந்த சொல்லையே பெயர் என்று நினைத்த பரிசோதகர், "தேங்க் யூ, டத்தின்" என்றார். அம்மாள் சிரித்தார். திண்டுக்கல்காரியான எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அதென்னங்க பேரு, டத்தின்?"

"பேரு இல்லம்மா, பட்டம். என் பேரு மங்களம், மலேசியா. எங்க வீட்டுக்காரருக்கு எங்க மாநிலத்துச் சுல்தான் டத்தோ பட்டம் கொடுத்தாரு. டத்தோ சம்சாரம் டத்தின்."

11.45, ஆல்பரி. என் ஆவல் அடங்கவில்லை. "அப்போ நீங்க ராஜ வம்சமா?"

"ஐயோ, இல்ல லா! அவரு பள்ளிக்கூட வாத்தியாரு. துங்குன்னாதான் அரச குடும்பம், பொறப்புல வர்றது. டத்தோ, சேவைக்குக் கொடுக்கறது. பிள்ளைக்குப் போவாது. அதுக்கு மேல டான்ஸ்ரீ, அது பேரரசரு கொடுக்கறது."

எங்கள் ஊரில் பதவி போய்ப் பதினைந்து வருடமானாலும் சேர்மன் சேர்மன்தான், அவர் மனைவியும் சாகும்வரை சேர்மனம்மாதான் என்றேன். அம்மாள் முகம் வாடிவிட்டது.

"இது அப்படி இல்லம்மா. அவரு போய் ஏழு வருஷமாச்சு, பட்டம் மட்டும் எங்கிட்ட இருக்கு. மறுகல்யாணம் பண்ணா போயிரும்."

வரும் சனிக்கிழமை சிட்னிப் புறநகர் கிரவீனில் இவருக்குத்தான் கல்யாணம்! மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். "அப்பா சம்பாதிச்ச மரியாதையத் தூக்கிப் போடறீங்களா?" என்று கேட்ட இவர் மகன் அதன்பின் போனை எடுப்பதில்லையாம்.

"ப்ளேன்ல ஒன்றரை மணி நேரம். யோசிக்கப் பத்தாது. அதான் ரயிலு."

"இன்னும் முடிவு பண்ணலையா?"

இல்லை என்று தலையசைத்தார்.

மாலை 5.10, கோல்பர்ன். வெளியே காய்ந்த புல்வெளி, ஆடுகள். புளிசாதத்தை நீட்டினேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "இருவது வருஷமா என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்புட்டதில்ல. எங்க வீட்டுக்காரரும் டத்தின்னுதான்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் நான் கேள்வி எதுவும் கேட்கவில்லை, அதிசயம்தான்.

இரவு 7.50, சிட்னி சென்ட்ரல். ஒல்லியான மனிதர் ஒருவர், மாப்பிள்ளைதான், ஓடிவந்து அம்மாளின் பெட்டியை வாங்கினார். "வாங்கோ டத்தின். பயணம் எப்பிடி?"

"இனிமே டத்தின் வேணாம். மங்களம்னு கூப்புடுங்க."

மனிதர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஓம்... ஓம்... மங்களம்" என்றார், கூச்சத்தோடு. அம்மாள் அழுதுகொண்டே சிரித்தார். எனக்கும் கண் கலங்கியது.

உறவினர் வீட்டுக்குப் போக லிட்கம் ரயிலில் ஏறி உட்கார்ந்தபின்தான் உறைத்தது. திண்டுக்கல்லில் என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடமாக என்னை "இந்தா பாரு" என்றுதான் கூப்பிடுகிறார். எந்தச் சுல்தானும் கொடுக்காத பட்டம். ஊருக்குப் போனதும் முதல் வேலையாக, என் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.